30 பாக்கெட் உருளைக்கிழங்கோடு டெஸ்ட் டிரைவ்

எங்கள் பழைய பிக்கப் வண்டி, நிசான் என்.பி.200, போன ஆண்டு மே மாதக் கடைசியில் ஓய்வுக்குப் போனது. 13 ஆண்டு உழைப்பு. தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வடக்கே டோங்காட் ஊருக்கு வெளியே எங்களுக்குச் சிறு நிலம் இருக்கிறது. கத்தரிக்காய், பச்சை மிளகாய், கொத்தமல்லி, வாழையிலை. வாரம் ஐந்து நாள் விடியற்காலை 3 மணிக்குச் சுமை ஏற்றிக்கொண்டு கிளேர்வுட் மொத்தச் சந்தைக்குப் போவது நான். திரும்பும்போது டர்பனை ஒட்டிய ஃபீனிக்ஸில் என் கொழுந்தனார் நடத்தும் கடைக்கு உருளைக்கிழங்கும் வெங்காயமும் ஏற்றி வருவேன். கும்பகோணத்திலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தபோது எனக்கு சைக்கிள்தான் தெரியும். இன்று எங்கள் வீட்டில் பக்கி ஓட்டுவது என் வேலை.

பிக்கப் வண்டிக்குத் தென்னாப்பிரிக்காவில் பக்கி என்று பெயர். எந்த இனத்தவரும் அப்படித்தான் சொல்வார்கள். இதில் அரை டன் பக்கி என்று, சுமார் அவ்வளவு சுமை ஏற்றும் ஒரு சின்ன ரகம் இருந்தது. என் மாமனார் காலத்தில் நிசான் 1400. டர்பனில் காய்கறி விற்ற பல தமிழ்க் குடும்பங்கள் அந்தச் சின்ன வண்டியை நம்பித்தான் பிழைத்தன. அது 2008-ல் நின்றது, ஃபோர்டு பேண்டம் 2011-ல் நின்றது, செவர்லே யூட்டிலிட்டி 2017-ல் போனது. கடைசியாக 2024 மார்ச்சில் என்.பி.200 தயாரிப்பும் முடிந்தது. ஆகவே எங்கள் வேலைக்கு ஒத்துவரும் புது வண்டி என்றால் ஒரு டன் பக்கிதான். அது உயரத்தில் வேறு, நீளத்தில் வேறு, விலையில் ரொம்பவே வேறு. கையில் இருந்த அனுபவம் அப்படியே செல்லாது என்பதால் இந்த முறை நன்றாகச் சோதித்துத்தான் வாங்குவது என்று முடிவு செய்தேன்.

ஏனென்றால் முதல் முறை நாங்கள் சோதிக்கவே இல்லை. காலி வண்டியில் என் வீட்டுக்காரர் கடையைச் சுற்றி பத்து நிமிடம் ஓட்டினார், நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், கையெழுத்துப் போட்டோம். அதற்குப் பிறகு தினமும் ஓட்டியது நான். அது எங்கள் தவறு.

இந்த முறை கடைக்குப் போவதற்கு முன் செய்த ஒரு வேலையைத்தான் எல்லோருக்கும் முதலில் சொல்வேன். பழைய பக்கியில் வழக்கமான சுமையை ஏற்றி எடைமேடையில் நிறுத்திப் பார்த்தேன். இறக்கிவிட்டுக் காலியாகவும் ஒருமுறை. வித்தியாசம் 610 கிலோ. நாங்கள் 400 இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். வாழையிலைக் கட்டு எடை இழுக்கும் என்று தெரியும், ஆனால் தண்ணீர் தெளித்த ஈரச் சாக்கு இவ்வளவு கனக்கும் என்று யார் கணக்குப் பார்த்தது?

இந்த எண் கையில் இருந்தால் விற்பனையாளர் சொல்லும் "ஒரு டன்" என்ற வார்த்தையை நாமே சரிபார்க்கலாம். இங்கே ஒவ்வொரு வண்டியின் முன் கண்ணாடியிலும் ஒட்டியிருக்கும் லைசென்ஸ் டிஸ்க்கில் இரண்டு எடைகள் அச்சாகியிருக்கும். ஒன்று டேர், அதாவது வண்டியின் வெறும் எடை. இன்னொன்று ஜி.வி.எம், சுமையோடு சேர்த்து வண்டி இருக்கக்கூடிய உச்ச எடை. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் வருவதுதான் நமக்குக் கிடைக்கும் இடம். உதாரணத்துக்கு 2,800-லிருந்து 1,850 போனால் 950 கிலோ. அந்த 950 முழுவதும் கத்தரிக்காய்க்கு இல்லை. ஓட்டுபவரும் துணைக்கு வருபவரும் சேர்ந்து 140, சுமைத்தொட்டிக்கு மேலே மூடும் கேனப்பி 80, டிரெய்லர் மாட்டும் டோ பாரும் ரப்பர் பூச்சும் சேர்ந்து 50 என்று வைத்தால் மிச்சம் 680. பின்னால் இன்னொரு இருக்கை வரிசை உள்ள இரட்டை கேபின் என்றால் வண்டியின் சொந்த எடை கூடிவிடுவதால் அதே எஞ்சினில் இந்த மிச்சம் இன்னும் சுருங்குவது வழக்கம். கடையில் நின்ற ஒவ்வொரு வண்டியின் டிஸ்க்கையும் போனில் படம் எடுத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்து கழித்துப் பார்த்தேன். அந்தக் கழித்தலிலேயே இரண்டு மாடல்கள் பட்டியலிலிருந்து விழுந்தன.

இரட்டை கேபினா ஒற்றை கேபினா என்பதில் வீட்டில் பெரிய பேச்சு நடந்தது. என் வீட்டுக்காரருக்கு இரட்டை கேபின் ஆசை. கோயிலுக்குக் குடும்பத்தோடு போகலாம், பார்க்கவும் கம்பீரமாக இருக்கும் என்றார். சரி, அத்தையையே அழைத்துப்போய் உட்கார வைத்துப் பார்ப்போம் என்று கூட்டிப்போனேன். அத்தைக்கு 78 வயது. கைப்பிடியைப் பிடித்து ஏறவே இரண்டு பேர் தாங்க வேண்டியிருந்தது. பின் இருக்கையின் முதுகு நேராக நிமிர்ந்து நின்றது. இருபது நிமிடம் ஓட்டிவிட்டு நிறுத்தினோம். "ஒருதரம் போகலாம் கண்ணு, ஒவ்வொரு வாரமும் என்னால ஆகாது" என்றார்கள். கார் ஒன்று ஏற்கெனவே வீட்டில் இருக்கிறது. அப்புறம் கணக்கர் ஒரு விஷயம் சொன்னார். வாட் (மதிப்புக் கூட்டு வரி) பதிவுள்ள தொழில் ஒற்றை கேபின் பக்கி வாங்கினால் விலையில் கட்டிய 15 சதவீத வாட்டைத் திரும்பக் கோரலாம். இரட்டை கேபினைச் சட்டம் பயணிகள் காராகவே கணக்கில் எடுப்பதால் அதற்கு இது கிடையாது. அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. ஒற்றை கேபினில் சுமைத்தொட்டி சுமார் 2.3 மீட்டர் நீளம், இரட்டையில் 1.5 மீட்டரை ஒட்டித்தான். வாழையிலைக் கட்டை மடக்காமல் படுக்க வைக்கும் எனக்கு அந்த நீளம் தேவை.

வண்டிகளைப் பற்றி: டொயோட்டா ஹைலக்ஸ் எங்கள் டர்பனிலேயே, ப்ராஸ்பெக்டனில் தயாராகிறது. ஐசிபிங்கோ, சாட்ஸ்வொர்த் பக்கத்துக் குடும்பங்களில் அந்தத் தொழிற்சாலையில் வேலை செய்பவர்கள் நிறைய. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் அது மூழ்கி மாதக்கணக்கில் நின்றபோது எங்கள் சொந்தத்தில் பலருக்கு வயிறு கலங்கியது. ஃபோர்டு ரேஞ்சர் பிரிட்டோரியாவின் சில்வர்டனில், இசுசு டி-மேக்ஸ் கெபெர்ஹாவில் (பழைய போர்ட் எலிசபெத்). மகிந்திரா பிக்-அப்பும் டர்பனில்தான் பாகங்களை இணைத்துத் தயாராகிறது. உதிரிபாகத்துக்காகக் காத்திருக்கும் பயம் இவற்றில் எனக்கு அதிகம் இல்லை. எதை வாங்கினேன் என்று இங்கே சொல்லப்போவதில்லை. என் சுமை வேறு, என் உயரம் வேறு, உங்களுடையது வேறு.

முதலில் போன கடையில் விற்பனையாளர் என் வீட்டுக்காரரிடமே பேசிக்கொண்டிருந்தார். எஞ்சின், திரை, அலாய் சக்கரம் எல்லாம் அவருக்குச் சொல்லி, "ஆன்ட்டி, உங்களுக்கு எந்தக் கலர் பிடிக்கும்?" என்று என்னிடம் கேட்டார். ஓட்டப்போவது நான், சாவியை என்னிடம் கொடுங்கள் என்றேன். கொடுத்தார். ஆனால் எங்களுக்கு வேண்டியது சிறிய டீசல் எஞ்சின், மேனுவல் கியர், ஒற்றை கேபின். அவர் நிறுத்தி வைத்திருந்தது பெரிய எஞ்சின், ஆட்டோமேட்டிக், நான்கு சக்கர இழுவை, தோல் இருக்கை. "ரெண்டும் ஒண்ணுதான், இதை ஓட்டினா அது புரிஞ்சிடும்" என்றார். புரியாது. ஒரே பெயர் போட்ட வண்டியில் 2.4 லிட்டர் எஞ்சினுக்கும் 2.8 லிட்டருக்கும் இழுவையில் நிறைய வித்தியாசம். ஸ்பிரிங், டயர், இருக்கை, பிரேக் வரை மாறும். நாம் எதற்குப் பணம் கட்டுகிறோமோ அதே வகையை ஓட்டிப் பார்க்க வேண்டும். நான் ஒன்பது நாள் காத்திருந்து இன்னொரு கிளையிலிருந்து சரியான வண்டியை வரவழைக்கச் சொன்னேன். வரவழைத்தார்கள்.

இன்னொன்று, ஓட்டுவதற்கு முன் ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்குவார்கள். அதைப் படியுங்கள். வண்டியில் கீறலோ மோதலோ ஆனால் காப்பீட்டுக்கு முன் நாம் கட்ட வேண்டிய தொகை அதில் எழுதியிருக்கும். ஒரு கடையில் அந்தத் தொகை என் இரண்டு மாத லாபம். அதைக் குறைத்து எழுதச் சொன்னேன், முடியாது என்றார்கள், திரும்பி வந்துவிட்டேன்.

இனி உருளைக்கிழங்கு. ஒரு டன் பக்கியின் பின்பக்கம் பெரும்பாலும் பட்டை ஸ்பிரிங்தான், சுமையைத் தாங்குவதற்காக விறைப்பாக வைத்தது. காலியாக ஓட்டினால் ஒவ்வொரு குழியிலும் பின்பக்கம் துள்ளும், வளைவில் தட்டிவிடுவது போல விலகும். பலர் அந்தத் துள்ளலைப் பார்த்துவிட்டு "இந்த வண்டி சரியில்லை" என்று வந்துவிடுகிறார்கள். மறுபக்கம், காலியாக மெத்தென்று ஓடும் வண்டி 600 கிலோ வைத்தவுடன் பின்னால் குந்திக்கொண்டு முன்விளக்கை வானத்துக்குக் காட்டலாம். இரண்டுமே காலி வண்டியில் தெரியாது. அதனால் நான்கு கடைகளுக்கும் முன்கூட்டியே போன் செய்து, சுமையோடு ஓட்டிப் பார்க்க வேண்டும், தொட்டியில் பாய் விரித்து ஏற்றுகிறேன், கீறல் விழாது என்று கேட்டேன். இரண்டு கடைகள் மறுத்துவிட்டன. ஒன்று விற்பனையாளர் கூட வந்தால் சரி என்றது. இன்னொன்று ஒரு நாள் முழுக்க வண்டியையே கொடுத்தது. மறுத்த இரண்டு கடைகளுக்கும் நான் மறுபடி போகவில்லை. கோபத்தில் இல்லை, தெரியாத ஒன்றுக்கு அவ்வளவு பணம் கட்ட மனம் வரவில்லை.

கொழுந்தனார் கடைக்கு வாங்கிய 10 கிலோ பாக்கெட் உருளைக்கிழங்கு 30-ஐ ஏற்றினோம். 300 கிலோ. முழுச் சுமையில் பாதிதான், ஆனால் வண்டியின் குணம் மாறுவதைக் காட்ட அது போதும். உருளைக்கிழங்கு இல்லாதவர்கள் 25 லிட்டர் தண்ணீர் கேன்களை நிரப்பி ஏற்றலாம், ஒன்று 25 கிலோ, முடிந்ததும் தண்ணீரைக் கொட்டிவிடலாம்.

ஏற்றும்போதே பாதி சோதனை முடிந்துவிட்டது. நான் ஐந்தடி ஓரங்குலம். உயர்த்திய உடலமைப்பு உள்ள மாடலில் தொட்டியின் விளிம்பு என் மார்புக்கு வந்தது. 20 கிலோ பெட்டியை இடுப்பு உயரத்துக்குத் தூக்குவது ஒரு வேலை, மார்பு உயரத்துக்குத் தூக்குவது முற்றிலும் வேறு வேலை. ஒரு நாளில் 30 முறை, வாரம் ஐந்து நாள். இந்த ஒரு காரணத்துக்காகவே உயரம் குறைந்த மாடலைத் தேர்ந்தெடுத்தேன். பின்கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். ஒன்றில் அது கையை விட்டதும் படாரென்று விழுந்தது. கயிறு கட்டும் கொக்கிகள் எத்தனை, சக்கர மேட்டுக்கு நடுவே உங்கள் பெட்டி எத்தனை வரிசை நிற்கும் என்று டேப் வைத்து அளந்துவிடுங்கள்.

அப்புறம் பைன்டவுனிலிருந்து ஃபீல்ட்ஸ் ஹில் ஏறினேன். க்ளூஃப் வரை போகும் நீண்ட ஏற்றம் அது. 2013 செப்டம்பரில் சுமை லாரி ஒன்று தடுக்க முடியாமல் இறங்கி வந்து மோதி 24 பேர் செத்துப்போன சரிவும் அதுதான். அந்தச் சாலையில் போகும்போதெல்லாம் பிரேக் மேல் எனக்குக் கவனம் கூடிவிடும். ஏற்றத்தில் கவனித்தது இது: இந்த டர்போ டீசல்களின் இழுவை சுமார் 1,500 ஆர்.பி.எம்-க்கு மேல்தான் எழுந்து வருகிறது. அதற்குக் கீழே விழவிட்டால் வண்டி மூச்சு வாங்கும். சுமையோடு மூன்றாவது கியரில் 60-ல் ஏறிக்கொண்டே ஒரு முறை வேகத்தைக் குறைத்து, மறுபடி மிதித்துப் பார்த்தேன். ஒரு வண்டி உடனே பிடித்தது. இன்னொன்றுக்கு இரண்டாவது கியர் தேவைப்பட்டது. மேலே ஒரு ரோபாட்டில் (இங்கே சிக்னலுக்கு ரோபாட் என்றுதான் பெயர்) சரிவிலேயே நின்று கிளப்பினேன். அங்கே ஒரு வண்டியில் கிளச் வாடை வந்தது. விற்பனையாளர் ஜன்னலை இறக்கினார், ஒன்றும் சொல்லவில்லை. மறுபடியும் அதே இடத்தில் நின்று கிளப்பினேன், மறுபடியும் வாடை. சந்தை வாசலில் விடியற்காலை வரிசையில் நின்று நின்று நகர்கிற எனக்கு அது ஆகாது.

இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பாமல் கியரைக் குறைத்து எஞ்சின் எவ்வளவு பிடித்து நிறுத்துகிறது என்று பாருங்கள். ஆட்டோமேட்டிக் வாங்குபவர்களுக்கு இது இன்னும் முக்கியம். கையால் கியரைக் குறைக்கும் வசதி இருக்கிறதா, குறைத்தால் அது அங்கேயே நிற்கிறதா, தானாக மேலே ஏறிவிடுகிறதா என்று சரிவில்தான் தெரியும். பின்னால் வண்டி வராத தொழிற்பேட்டைச் சாலை ஒன்றில், விற்பனையாளரிடம் சொல்லிவிட்டு, 50-லிருந்து ஒரு முறை பலமாக மிதித்தேன். நேராக நின்றது. உருளைக்கிழங்கு முன்னால் சரிந்து கேபினில் இடித்த சத்தம்தான் பெரிது. சுமையைக் கட்ட வேண்டும் என்பதை அன்றைக்கு மறுபடி கற்றுக்கொண்டேன்.

ஜோஹன்னஸ்பர்க் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. டர்பனுக்கு வந்து ஓட்டிப் பார்த்துவிட்டு அங்கே வாங்காதீர்கள். அந்த ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரம், காற்று மெலிந்தது. டர்போ முழு வேகத்தில் சுழலத் தொடங்கும் வரைக்கும் எஞ்சின் அங்கே இன்னும் மந்தமாக இருக்கும். எங்கே ஓட்டப்போகிறீர்களோ அங்கேயே பாருங்கள்.

எனக்கு எல்லாவற்றையும் விடப் பெரிய கவலை முன்விளக்கு. என் ஓட்டமே இருட்டில்தான். கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே தெருவிளக்கு இல்லாத சாலை, ஓரத்தில் நடந்து வேலைக்குப் போகிறவர்கள், சில நேரம் மாடு. ஆனால் கடைகள் பகலில்தான் திறந்திருக்கும். ஜூன் மாதம் இதற்குக் கைகொடுத்தது. டர்பனில் அப்போது மாலை 5 மணி தாண்டியதும் சூரியன் இறங்கிவிடும். கடைசி நேரமாக நாலரை மணிக்கு வண்டியை எடுத்து, ஹில்க்ரெஸ்ட் தாண்டி ஒரு மண்பாதையில் இருட்டும் வரை நிறுத்தி வைத்து, சுமையோடு விளக்கைப் போட்டுப் பார்த்தேன். ஒரு வண்டியின் விளக்கு சாலை ஓரத்தில் புல்லின் நுனி வரை காட்டியது. இன்னொன்று நேரே முன்னால் ஒரு மஞ்சள் வட்டம், ஓரத்தில் இருட்டு. பின்பக்கம் கனத்தால் முன்விளக்கு மேலே தூக்கும் என்பதால் உள்ளேயிருந்து விளக்கைத் தாழ்த்தும் சக்கரம் இருக்கிறதா என்றும் பாருங்கள். இந்த ஒரு மணி நேரம் எனக்கு எல்லா விவரச் சீட்டுகளையும்விட அதிகம் சொன்னது. கோடையில் வாங்குகிறவர்கள் ஒரு இரவு வண்டியைக் கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

ஸ்டெப்னியைக் கழற்றிப் பார்ப்பதையும் விடாதீர்கள். பக்கியில் அது வண்டிக்கு அடியில் தொங்கும். நீளக் கம்பியைப் பம்பர் ஓட்டையில் நுழைத்துச் சுழற்றினால் சங்கிலியில் இறங்கும். கடை முற்றத்தில் நானே இறக்கி, நானே ஏற்றினேன். 25 நிமிடம் ஆனது. விடியற்காலையில் ஒற்றைப் பெண்ணாக நெடுஞ்சாலை ஓரத்தில் முதல்முறையாக அதைக் கற்றுக்கொள்வதை நினைத்துப் பாருங்கள். இங்கே அப்படி நின்றுகொண்டிருப்பதே ஆபத்து.

நான்கு சக்கர இழுவை பற்றி என் வீட்டுக்காரருக்கும் எனக்கும் கருத்து வேறு. மழைக்காலத்தில் எங்கள் நிலத்துப் பாதை களிமண்ணாகும் என்பது உண்மை. ஆனால் அது 200 மீட்டர்தான். பின்சக்கர டிஃப் லாக் (இரண்டு பின்சக்கரங்களையும் சேர்ந்தே சுழல வைக்கும் பூட்டு) உள்ள இருசக்கர இழுவையே போதும் என்றேன், அப்படித்தான் வாங்கினோம், இதுவரை போதுமாக இருக்கிறது. நான்கு சக்கர இழுவை எடுப்பவர்கள் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இந்தப் பக்கிகளில் பலவற்றில் அதைக் காய்ந்த தார்ச்சாலையில் போட்டு ஓட்டக் கூடாது, திருப்பத்தில் முன்னும் பின்னும் இழுத்துக்கொண்டு இயந்திரம் கெடும்.

டிரெய்லர் இழுக்கும் திறன் 3,500 கிலோ என்று விளம்பரத்தில் வரும். சாதாரண பி வகை ஓட்டுநர் உரிமத்தில் 750 கிலோ மொத்த எடை வரையுள்ள டிரெய்லரைத்தான் இழுக்கலாம், அதற்கு மேல் ஈ.பி வகை உரிமம் வேண்டும். என்னிடம் அது இல்லை, ஆகவே அந்த எண்ணுக்காக நான் ஒரு ரேண்ட் கூடக் கூடுதலாகக் கொடுக்கவில்லை.

பாதுகாப்பைப் பற்றி யாரும் சொல்லாமலே நாம் கேட்க வேண்டும். 2018-ல் ஆப்பிரிக்கச் சந்தைக்கான மோதல் சோதனையில் இங்கே நன்றாக விற்ற ஒரு பக்கி பூஜ்ய நட்சத்திரம் வாங்கியது. வண்டி பெரிதாக, கனமாக இருந்தால் உயிர் காக்கும் என்று நாமே நினைத்துக்கொள்கிறோம். எத்தனை காற்றுப்பை, ஏ.பி.எஸ் உண்டா, சறுக்கலைத் தடுக்கும் அமைப்பு அந்த அடிப்படை மாடலிலும் உண்டா என்று அந்தக் குறிப்பிட்ட மாடலின் பெயரைச் சொல்லிக் கேட்டு, எழுத்தில் வாங்கினேன். விலை உயர்ந்த மாடலில் இருப்பதைக் காட்டிவிட்டு அடிப்படை மாடலை விற்பது சுலபம்.

பணம் பற்றிச் சுருக்கமாக. கையெழுத்துக்கு முன்பே ஒவ்வொரு வண்டிக்கும் காப்பீட்டுத் தொகை கேட்டுவிடுங்கள். திருடர்களுக்குப் பிடித்த மாடல்களுக்கு அது கூடும், வண்டி இருக்குமிடத்தைக் காட்டும் டிராக்கரும் போடச் சொல்வார்கள். மாதத் தவணையைச் சிறிதாகக் காட்ட பலூன் என்று ஒன்றைச் சேர்ப்பார்கள். கடைசியில் ஒரே தடவையாகக் கட்ட வேண்டிய பெரிய தொகை அது. எனக்கு அது வேண்டாம் என்றேன். சர்வீஸ் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறையா 15,000-க்கு ஒருமுறையா என்பதும் முக்கியம். மாதம் 2,000 ஓடும் எனக்கு அதனால் ஆண்டுக்கு ஒரு சர்வீஸ் வரை கூடவோ குறையவோ செய்கிறது. கந்தகம் குறைந்த 50 பி.பி.எம் டீசல்தான் போட வேண்டும் என்று எங்கள் வண்டியின் கையேடு சொல்கிறது. இங்கே 500 பி.பி.எம்-மும் விற்பனையில் இருப்பதால் பெட்ரோல் பங்கில் ஒவ்வொரு முறையும் வாய்விட்டுச் சொல்கிறேன்.

வண்டி ஜூலை இரண்டாம் வாரம் வந்தது. கடைக்காரர்கள் சிவப்பு ரிப்பன் கட்டி வைத்திருந்தார்கள். படம் எடுத்துக்கொண்ட பிறகு நான் இருக்கைக்குப் பின்னால் கருவிப் பையைத் திறந்து பார்த்தேன். ஜாக் இருந்தது, ஸ்டெப்னி இறக்கும் நீளக் கம்பி இல்லை. நாளை அனுப்புகிறோம் என்றார்கள். கம்பி வந்த பிறகு வண்டியை எடுக்கிறேன் என்று அங்கேயே உட்கார்ந்தேன். ஒன்றரை மணி நேரம் கழித்து வந்தது. டயரில் காற்று அளவைப் பார்த்தோம். நான்கிலும் கதவுச் சட்டத்து ஸ்டிக்கரில் இருந்ததைவிடக் கூடுதலாக இருந்தது, சரி செய்தார்கள். அடுத்த நாள் 3 மணிக்குக் கிளேர்வுட்டுக்குப் போனேன். பின்னால் 590 கிலோ, எல்லாம் கட்டியிருந்தது.